வடசென்னையில் சிறு தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியில் லேத் பட்டறை, வண்ணாரப்பேட்டையில் தையல் யூனிட், திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் ஷெட், கொருக்குப்பேட்டையில் தின்பண்டத் தயாரிப்பு என்று தொழில்கள் வேறு வேறு. ஆனால் அவற்றை நடத்துவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. 5 முதல் 50 பேர் வரை வேலை செய்யும் தொழில்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

ஆர்டர் நிற்காமல் வருகிறது, ஆடிட்டர் லாபம் என்கிறார். ஆனால் 5ஆம் தேதி சம்பளத்துக்குக் கைமாத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஏன்?

லாபம் பில்லில் இருக்கிறது, பணம் பார்ட்டியிடம் இருக்கிறது. இந்த இடைவெளியை நாள் கணக்கில் அளந்தால்தான் சிக்கல் புரியும். மாதம் 5 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள், அதில் சரக்கு, கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து 4.2 லட்சம் கையை விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 14,000 ரூபாய். சரக்கு உங்கள் ஷெட்டில் 20 நாள் நிற்கிறது, பார்ட்டி 75 நாளில் பணம் தருகிறார், இரும்புக் கடைக்காரர் உங்களுக்கு 15 நாள் தவணை தருகிறார். 20 கூட்டல் 75 கழித்தல் 15, ஆக 80 நாள். 80 நாளை 14,000ஆல் பெருக்கினால் 11.2 லட்சம். இவ்வளவு பணம் எப்போதும் வெளியே சிக்கிக் கிடக்கும்.

இப்போது ஆர்டர் இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? இன்னொரு 11.2 லட்சம் வேண்டும். அது இல்லாமல் பெரிய ஆர்டரை ஒத்துக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை இல்லாமல் மூடும் பட்டறைகளை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். வேலை அதிகமாகி மூடும் பட்டறையைப் பார்த்து யாருக்கும் காரணம் விளங்குவதில்லை.

அதே தொழிலில் 75 நாளை 45 ஆக்கினால் 80 நாள் 50 ஆகிறது. 4.2 லட்சம் வட்டியில்லாமல் கைக்கு வருகிறது. புதுக்கடன் தேடுவதற்கு முன் இங்கே கை வையுங்கள்.

ஜிஎஸ்டியையும் மறக்க வேண்டாம். பார்ட்டி பணம் தந்தாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். 5 லட்சம் பில்லுக்கு 18 சதவீதம் என்றால் 90,000. நீங்கள் வாங்கிய சரக்கின் வரியைக் கழித்த மீதி உங்கள் கையிலிருந்துதான் போகும். கழிப்பதற்கும் உங்களுக்குச் சரக்கு விற்றவர் தன் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2 சதவீதம் விலை குறைத்து, கணக்குக் காட்டாத கடையில் வாங்குவது உண்மையில் லாபமில்லை.

லேத் வேலைக்கு மணிக்கு என்ன ரேட் கேட்பது? பக்கத்துப் பட்டறை 300 என்கிறது.

பக்கத்துப் பட்டறையின் வாடகையும் கடனும் வேறு. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். 6 லட்சம் ரூபாய் மெஷின், 10 வருட ஆயுள் என்றால் தேய்மானம் மாதம் 5,000. போட்ட பணத்துக்கு வட்டி சராசரியாக 3,000. வாடகையில் அந்த மெஷினின் பங்கு 6,000. ஆபரேட்டருக்குச் சம்பளம், போனஸ், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து 24,000. கரண்ட் 2,000. இன்செர்ட், டிரில், ஆயில், ரிப்பேர் 4,000. உங்கள் சொந்தச் சம்பளம், போன், வண்டி, ஆடிட்டர் ஆகியவற்றின் பங்கு 12,000. மொத்தம் 56,000.

பெரும்பாலானோர் இதை 26 நாள், 8 மணி என்று 208ஆல் வகுத்து 269 என்று முடிவுசெய்கிறார்கள். 300 கேட்டால் லாபம் என்று தோன்றும். ஆனால் ஜாப் மாற்றுவது, செட்டிங், டூல் தீட்டுவது, சரக்குக்குக் காத்திருப்பது, கரண்ட் போவது, ஆள் லீவு எல்லாம் போக மெஷின் உண்மையில் ஓடுவது 140 மணி இருந்தாலே நல்லது. 56,000ஐ 140ஆல் வகுத்தால் 400. 300க்கு வேலை செய்தால் மாதம் 14,000 நஷ்டம். உங்கள் சொந்தச் சம்பளத்தை நீங்களே எடுத்துக்கொள்ளாததால் அந்த நஷ்டம் கண்ணில் படுவதில்லை.

மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, நின்ற நேரத்தையும் காரணத்தையும் 4 வாரம் எழுதச் சொல்லுங்கள். 140 என்பது எங்கள் உதாரணம், உங்களுடையது 110 ஆகவும் இருக்கலாம். ரேட்டை ஏற்ற முடியாத சந்தையில் 110ஐ 150 ஆக்குவதுதான் வழி. நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும்: டிராயிங் தெளிவில்லை, சரியான அளவு ராடு வரவில்லை, கேஜ் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

பார்ட்டி 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறார். சட்டம் ஏதாவது செய்யுமா?

செய்யும், காகிதம் சரியாக இருந்தால். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம். பர்ச்சேஸ் ஆர்டரில் "90 நாள் கிரெடிட்" என்று அச்சடித்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டம் 45க்கு மேல் ஏற்காது.

சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் குறை இருப்பதாக எழுத்தில் சொல்லவில்லையென்றால், பெற்ற நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். அதனால் சலானில் பெற்றவரின் கையெழுத்து, கம்பெனி சீல், தேதி மூன்றும் இருக்க வேண்டும். வாட்ச்மேன் கிறுக்கிய சலானை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. பணம் வராமல் தோற்பவர்களில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

பணம் வராவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தில் இணையம் வழியாக மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. பர்ச்சேஸ் ஆர்டர், பில், சலான், பாக்கிக் கணக்கு, நினைவூட்டல் மெயில் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி, நடைமுறையில் அதைவிட நீளும். அதைக் கணக்கில் வைத்தே இறங்குங்கள்.

இந்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேவையும் செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யமில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதியலாம், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமை மட்டுமே கிடைக்கும்.

மனு போட்டால் அடுத்த ஆர்டர் வராதே?

நியாயமான பயம். மனு கடைசி ஆயுதம். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வருமான வரிச் சட்டத் திருத்தப்படி, 2024 ஏப்ரல் 1 முதல், கெடு தாண்டியும் தராத பாக்கியை வாங்குபவர் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். பில்லில் உத்யம் எண்ணையும் "குறு நிறுவனம், உற்பத்தி" என்பதையும் அச்சடித்து, ஜனவரியில் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் பாக்கிப் பட்டியல் அனுப்புங்கள். பர்ச்சேஸ் மேனேஜரிடம் கெஞ்சுவதைவிட அவர்கள் ஆடிட்டரின் கண்ணில் படுவது பலன் தரும்.

வாங்குபவர் பெரிய கம்பெனி என்றால், பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் டிரெட்ஸ் தளத்தைக் கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகளும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் அதில் பதிய வேண்டும் என்பது அரசு ஆணை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்களில் உங்கள் பில்லை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும். 5 லட்சம் பில், 75 நாள், 9 சதவீதம் என்றால் கழிவு சுமார் 9,250 ரூபாய். பார்ட்டி பிறகு வங்கிக்குத் தராவிட்டாலும் அந்தக் கடன் உங்கள் தலையில் விழாது. பதிந்திருந்தும் பில்லை ஏற்காமல் இருக்கும் கம்பெனிகள் உண்டு. அதனால் ஆர்டர் பேசும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்யம் பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

எதுவும் ஆகாது. ஆதார், பான், பதிவு செய்த மொபைல் போதும். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து 2,000, 3,000 வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். செய்யும் தொழிலின் வகைக் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உற்பத்தி செய்பவர் தெரியாமல் வர்த்தகம் என்று போட்டால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும். முதல் சரக்கை அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்கட்டும். தகராறு வந்த பிறகு பதிந்து, பழைய பில்லுக்குச் சலுகை கேட்பது நிற்காது. 2025 ஏப்ரலிலிருந்து இயந்திர முதலீடு 2.5 கோடிக்கும் விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதவை குறு நிறுவனம்.

தண்டல் வாங்குவது தப்பா? வங்கி மாதக்கணக்கில் அலைய வைக்கிறது.

கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் தந்து, 100 நாள் தினம் 100 ரூபாய் வசூல். பார்க்க 10 சதவீதம் போலத் தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 77 சதவீதம். காலையில் காய் வாங்கி மாலையில் விற்று முடிக்கும் தள்ளுவண்டிக்கு இது தாங்கலாம். 80 நாள் பணம் சிக்கும் பட்டறைக்குத் தாங்கவே தாங்காது. மெஷின் வாங்கவோ, வாடகை அட்வான்ஸ் கொடுக்கவோ தண்டல் எடுக்காதீர்கள்.

அடமானம் இல்லாமல் வங்கி கடன் தருமா?

குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேலும் சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதியின் உத்தரவாதத்தில் தரலாம், 2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி. உத்தரவாதம் வங்கிக்குத்தான், நீங்கள் கட்டாவிட்டால் கடன் தள்ளுபடி ஆகாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

நடைமுறை மூலதனத்துக்குப் ரிசர்வ் வங்கியின் பழைய நாயக் குழு முறையைச் சொல்லிக் கேளுங்கள்: அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 25 சதவீதம் தேவை, அதில் 5 உங்களுடையது, 20 வங்கியுடையது. 60 லட்சம் என்றால் 12 லட்சம் லிமிட். கிளையில் "எதிர்பார்ப்பை எப்படி நம்புவது" என்பார்கள். அதற்குப் பதில் ஜிஎஸ்டி தாக்கலும், கரண்ட் அக்கவுண்டும், கையில் உள்ள பர்ச்சேஸ் ஆர்டரும்தான்.

கடன் மனு நிராகரிக்கப்படுவதற்குப் பொதுவான காரணம் ஒன்றுதான். பாதி வசூல் வீட்டு சேமிப்புக் கணக்கிலோ கையிலோ போயிருக்கும், வங்கி பார்க்கும் விற்றுமுதல் பாதியாகத் தெரியும். கடன் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே எல்லா வசூலையும் ஒரே கரண்ட் அக்கவுண்டுக்குத் திருப்புங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுங்கள், அதற்கு மேல் தொடாதீர்கள்.

மானியம் உண்டாமே?

உண்டு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 1.5 கோடி. சென்னை மாவட்டத்தவர் கிண்டியில் உள்ள தொழில் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். மானியத்தை நம்பி மெஷின் வாங்காதீர்கள். அது கடனோடு சேர்ந்து வருவது, பெரும்பாலும் கணக்கில் சரிக்கட்டப்படுவது. மானியம் இல்லாவிட்டாலும் கணக்கு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்கு ஒரே பார்ட்டி, ஆனால் பெரிய பார்ட்டி. போதாதா?

2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலையில் 16 நாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஆலைக்கு மட்டும் சரக்கு அனுப்புபவருக்கு மாதத்தில் பாதி வருமானம் போனது போல. அவருடைய வாடகையும் தவணையும் நிற்காது. ஒரே பார்ட்டியின் பங்கு விற்றுமுதலில் 40 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த பார்ட்டியைத் தேடத் தொடங்குங்கள் என்பது எங்கள் அளவுகோல்.

தேடுவதற்கு வடசென்னையைவிட நல்ல இடம் குறைவு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஆலை, மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மத்திய அரசு நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. உத்யம் இருந்தால் பொதுவாக டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். சின்ன ஐட்டத்தில், மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு, சொன்ன தேதியில் முதல் சப்ளையை முடியுங்கள். தேதி தவறினால் அபராதம் பில்லிலேயே பிடிக்கப்படும்.

தொழில் பயிற்சி வகுப்புகளால் பலன் உண்டா?

எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான கணக்கு, மார்க்கெட்டிங் வகுப்பு பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லத்தக்க லாப உயர்வு தெரியவில்லை. தானாக முன்னெடுப்பது, போட்டிக்காரர் செய்யாததைச் செய்து பார்ப்பது, தடையை முன்கூட்டியே யோசிப்பது என்று பழக்கியவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது.

நம் நாட்டில், மும்பைக்கு அருகே 17 நெசவு நிறுவனங்களில் நடந்த சோதனை இன்னொன்று, 2013இல் வெளியானது. ஆலோசகர்கள் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை இல்லை: குறைபாட்டைத் தினம் எழுது, மெஷின் நின்ற காரணத்தை எழுது, நூலை ரகவாரியாக அடுக்கு, தரையைச் சுத்தமாக வை. முதல் வருடத்தில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. அவை நம் பட்டறைகளைவிடப் பெரியவை. ஆனால் எழுதி வைக்கும் பழக்கத்துக்கு அளவு தேவையில்லை.

புதிய முறை கொண்டுவந்தால் ஆட்கள் செய்ய மறுக்கிறார்கள்.

பாகிஸ்தானின் சியால்கோட் கால்பந்துத் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே ரெக்ஸின் வீணாவதைக் குறைக்கும் புதிய வெட்டு அச்சை ஆய்வாளர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். 15 மாதம் கழித்தும் மிகச் சில கம்பெனிகளே பயன்படுத்தின. காரணம், வெட்டுபவருக்குப் பீஸ் கூலி. புது அச்சில் ஆரம்பத்தில் வேகம் குறையும், கூலி குறையும். மிச்சமாகும் ரெக்ஸின் முதலாளிக்கு. பழகிக் காட்டினால் ஒரு மாதக் கூலி என்று உறுதி தந்ததும் மேலும் சில கம்பெனிகள் மாறின.

வண்ணாரப்பேட்டை தையல் யூனிட்டிலும் இதே கதை. சட்டைக்கு 5 சென்டிமீட்டர் துணி மிச்சம் பிடித்தால் 1,000 சட்டைக்கு 50 மீட்டர், மீட்டர் 120 என்றால் 6,000 ரூபாய். கட்டிங் மாஸ்டர் மார்க்கர் (துணியில் வெட்டும் அமைப்பின் வரைபடம்) போட அரைநாள் கூடுதலாக உட்கார வேண்டும். அந்த 6,000இல் 2,000 அவருடையது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஆள் சரியில்லை என்று முடிவு கட்டும் முன் கூலி எதற்குத் தரப்படுகிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டு ஆர்டருக்குத் தரம் போதுமா?

தரம் வந்த பிறகு ஆர்டர் தேடுவது என்று காத்திருக்க வேண்டியதில்லை. எகிப்தின் ஃபுவா ஊரில் சிறு கம்பள நெசவாளர்களுக்கு ஏற்றுமதி ஆர்டர் கிடைத்ததும் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை உயர்ந்தது. வாங்குபவர் குறை சொல்லச் சொல்லத் தரமும் ஏறியது. கறாரான பார்ட்டி ஒருவரை, நஷ்டமில்லாத சிறு ஆர்டரோடு, வைத்துக்கொள்வது நல்ல பள்ளிக்கூடம்.

ஷெட் பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பொறுங்கள். உங்கள் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எந்த நிறப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள். வெள்ளைக்கு இசைவாணை வேண்டாம், எலக்ட்ரோபிளேட்டிங் போன்றவை சிவப்பு. குடியிருப்புக்கு நடுவே சிவப்புக்கு அனுமதி கிடைக்காது. அடுத்தது கரண்ட். எல்லா மோட்டார் எச்பியையும் கூட்டி 0.746ஆல் பெருக்கினால் கிலோவாட். அந்தச் சுமைக்கு இணைப்பு இருக்கிறதா, கட்டடக்காரர் பெயர் மாற்றவும் சுமை கூட்டவும் கையெழுத்துப் போடுவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டிப் பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, ஒரு வருடம் வரை பின்தேதியிட்டு விதிப்பார்கள். மூன்றாவது, மழையில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எதிர்வீட்டில் கேளுங்கள்.

வெள்ளத்துக்கு என்ன முன்னேற்பாடு?

2015இலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. மெஷினை 2 அடி பீடத்தில் ஏற்றுங்கள், ஸ்டார்ட்டர், பேனல் போர்டை 5 அடிக்கு மேல் வையுங்கள். துணி, அட்டைப்பெட்டி கீழ்த் தட்டில் வேண்டாம். நனைந்த மோட்டாரை காயவைத்து இன்சுலேஷன் சோதிக்காமல் ஆன் செய்தால் உள்ளே செப்புச் சுற்று எரியும், அந்த நஷ்டம் தண்ணீரால் வந்ததைவிடப் பெரிது.

5 கோடி வரை சொத்துள்ளவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி உண்டு, வெள்ளமும் அதில் அடங்கும். உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் இழப்பீட்டில் பிடித்தம் இல்லை. 20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம் போலத்தான் வரும். வங்கி மூலம் எடுத்த பாலிசியில் பழைய ஷெட்டின் முகவரியே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். செப்டம்பர் கடைசியில் சரக்கையும் மெஷின் எண் தகட்டையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

ஜிஎஸ்டி காம்போசிஷன் எடுக்கலாமா?

விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை இது. முறுக்கு, மாவு, ரெடிமேட் என்று நேராக மக்களுக்கு விற்பவருக்கு நல்லது: 1.5 கோடி வரை, தயாரிப்பாளருக்கு 1 சதவீதம். கம்பெனிகளுக்கு விற்பவருக்குக் கெடுதல். வாங்குபவர் வரியைக் கழிக்க முடியாது, வேறு மாநிலத்துக்கும் அனுப்ப முடியாது.

தீபாவளிக்குத் தைத்த சரக்கு தேங்கிவிட்டது. பொங்கல் வரை வைத்துப் பார்க்கலாமா?

சைஸ் முழுமையாக இருக்கும் ரகத்தை மட்டும் வையுங்கள். ஸ்மாலும் டபுள் எக்ஸெலும் மட்டும் மிஞ்சிய கட்டு பொங்கலுக்கும் போகாது, எம்.சி. ரோடு மொத்தக் கடையில் துணி விலைக்காவது தள்ளிவிடுங்கள். அந்தப் பணத்தில் போகும் ரகத்தை மறுபடி தைப்பது மேல். அடுத்த முறை ஒரே தடவையில் 1,000 வெட்டாமல் 300 வெட்டி, 10 நாள் விற்பனையைப் பார்த்து மீதியை வெட்டுங்கள்.

இரண்டாவது மெஷின் எப்போது வாங்குவது?

முதல் மெஷின் 3 மாதம் தொடர்ந்து 160 மணிக்கு மேல் ஓடி, அதற்குப் பிறகும் வேலையைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால். அதற்கு முன் வாங்கினால் 400 ரூபாயாக இருந்த மணிச் செலவு 500ஐத் தாண்டும். தவணைத் தொகையை வாங்குவதற்கு முன்பே 6 மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம்கூட தவறாமல் போட முடிந்தால் கொட்டேஷன் கேளுங்கள்.